வக்கீல் பெரியப்பாவைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி (கடலூர்ப் பையன்):
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீலாக இருந்து, சன்னதை (வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைத்துவிட்டு முந்திரி வியாபாரத்தில் இறங்கியவர் எங்கள் பெரியப்பா. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம். பாஸ்போர்ட்டைப் புரட்டினால் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான், தான்சானியாவின் தார் எஸ் சலாம், வியட்நாமின் ஹோ சி மின் நகரம் என்று போய் வந்திருக்கிறார். அங்கெல்லாம் என்ன செய்தார் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

பதில் (பழைய கணக்கர்):
தம்பி, நான் ஐயாவிடம் கணக்கெழுதியவன். நம் பக்கத்து முந்திரிக் கொட்டை, ஆலைக்குச் சில மாதம்தான் வரும். மிச்சத்துக்கு ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியில் வந்து இறங்கியாக வேண்டும். அதனால் மாசி பிறந்தால் அபிஜானுக்குக் கிளம்பிவிடுவார். ஊர் சுற்றவில்லை, குடோனில்தான் கிடப்பார். அங்கங்கே சாக்கில் கைவிட்டு ஒரு கிலோ மாதிரி எடுத்து, ஒவ்வொரு கொட்டையாகப் பிளந்து நல்லது, புள்ளி விழுந்தது, பூச்சி அரித்தது, சொத்தை என்று கூறு கூறாகப் பிரிப்பார். தேறிய பருப்பை நிறுத்து, 80 கிலோ கொட்டை மூட்டைக்கு எத்தனை பவுண்டு எடை பருப்பு விழும் என்று கணக்குப் போடுவார். ஒரு பவுண்டு குறைந்தாலும் லாபம் அடிபடும். கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோலுரிந்துதான் ஊர் திரும்புவார்.

வக்கீல் புத்தி அவரை விடவே இல்லை. மூட்டை தேறாவிட்டால் விலையில் எவ்வளவு கழிவு, தகராறு வந்தால் எந்த ஊரில் மத்தியஸ்தம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறாமல் பணம் அனுப்ப விடமாட்டார். நாங்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். வாய்ப்பேச்சை நம்பிக் காசை விட்டவர்கள் நிறைய பேர் உள்ள தொழில் தம்பி இது. அவரைப் போல நிதானமான ஆளை நான் பார்க்கவில்லை.

பதில் (பண்ருட்டிக்காரன்):
தானே புயலை விட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30. தாத்தா வைத்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்போது உங்கள் பெரியப்பா ஆலை வாசலில் பெஞ்சு போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நிவாரண மனு எழுதிக் கொடுத்தார். எங்கள் அம்மாவிடம் சர்வே எண், மரத்தின் வயது, எத்தனை முந்திரி, எத்தனை பலா என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு பைசா வாங்கவில்லை.

கடலூர்ப் பையன்:
அண்ணே, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மனு நகல் கிடைக்குமா?

பண்ருட்டிக்காரன்:
அம்மா பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை வாங்க, போட்டோ எடுத்துக்கலாம். காடாம்புலியூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.