தி.நகரில் கடைக்கால் தோண்டியபோது

ஒத்தைப்பனை:
தாத்தா கட்டிய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தோம். அந்தக் கதை எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், விடுங்கள். கடைக்கால் தோண்டியபோது பத்தடிக்குக் கீழே மண் கறுப்பாக வந்தது. மேஸ்திரி ஒரு கட்டியை உடைத்து என் கையில் வைத்தார். உள்ளே சுண்டுவிரல் நகமளவுக்கு வெள்ளை நத்தை ஓடுகள், ஏழெட்டு. "ஏரி வண்டல் சார். தூர் வாரினா இப்படித்தான் வரும்" என்றார். 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது என்று தெரிந்தவன்தான் நான். ஆனாலும் தொட்டதும் ஓடு பொடியானது என்னவோ செய்கிறது. ஒன்றையாவது பத்திரப்படுத்தியிருக்கலாம்.

கொடிக்கயிறு:
மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்றால் தெரிவது எதிர்வீட்டு மாடியில் காயும் துணிதான். ஒருநாள் அங்கிருந்து உஸ்மான் ரோடுக்கு ஆட்டோ. சப்வே தாண்டியதும் சும்மா கேட்டேன், "ஏரி எங்கண்ணே?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுமேலதானே போறோம்."

பாண்டிபஜார் பேரன்:
ஏரி போச்சு என்றே புலம்பினால் எப்படி? பனகல் பார்க்கை நடுவில் வைத்துத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, நடேசன் பூங்கா... நடந்தாலே நீதிக்கட்சி வரலாறு பாதி தெரிந்துவிடும். ஊர்ப்பெயரே பிட்டி தியாகராயர்தான். ஒரு கடைக்காரர் என்னிடம், பாண்டிச்சேரி சரக்கு விற்றதால் பாண்டி பஜாராம்! டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் பெயரய்யா அது என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வாங்கிய வேட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

சிமெண்ட் மூட்டை:
2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். என் கதை அவ்வளவுதான். ஒத்தைப்பனை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மண் பரிசோதனை அறிக்கையை பில்டரிடம் கேட்டு வாங்குங்கள். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும்; பைல், அதாவது கடைக்காலுக்கு இறக்கும் தூண், கெட்டி மண் வரைக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மெண்ட் பார்க்கிங் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்ப் மூடி ரோட்டு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் சாக்கடைத் தண்ணீரைத்தான் மேலே ஏற்றுவீர்கள். மீட்டர் பலகையை ஆள் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ரோடு போடும்போதெல்லாம் உயரும், அதையும் சேர்த்துத்தான் பிளின்த் (வீட்டுத் தரையின் உயரம்) கணக்கு. அப்புறம் மழைநீர்த் தொட்டி...

ஒத்தைப்பனை:
சார், மூன்றாவது தளம் ஒட்டியாகிவிட்டது. நான் நத்தை ஓட்டைப் பற்றித்தான் சொன்னேன். அந்த வண்டல் எங்கே போச்சு என்று மேஸ்திரியைக் கேட்டேன். வேளச்சேரி தாண்டி ஏதோ பள்ளத்தைத் தூர்க்கிறார்களாம், நாலு லோடு அங்கேதான் அடித்தாராம்.