மறு: பிளாக்கிங் – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். படப்பிடிப்பில் புழங்கும் ‘பிளாக்கிங்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> பிளாக்கிங் என்பது நடிகர் நிற்கும் இடத்தை முடிவு செய்வதுதானே? ‘இடநிர்ணயம்’ போதாதா?

போதாது ஐயா. நிற்கும் இடம் அதில் பாதிதான். எங்கே நிற்கிறார், எந்த வசனத்தில் கிளம்புகிறார், எங்கே போய் நிற்கிறார், அப்போது கேமராவுக்குத் தெரிவது முகமா முதுகா என்று எல்லாம் சேர்ந்ததுதான் பிளாக்கிங். மேடை நாடகத்திலிருந்து வந்த சொல். மேடையில் பார்ப்பவர் தன் இருக்கையை விட்டு நகர்வதில்லை. படப்பிடிப்பிலோ பார்க்கும் கண்ணும் இடம் மாறுகிறது.

ஒரே அறையில் நடக்கும் குறும்படத்துக்குத் திட்டம் போட்டுப் பாருங்கள், விஷயம் பளிச்சென்று புரியும். வெளிப்புறத்தில் இடம் போதாவிட்டால் கேமராவை நாலடி பின்னால் தள்ளலாம். அறைக்குள் பின்னால் இருப்பது சுவர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய 35 மி.மீ. ஸ்டில் ஃபிலிம் அளவு இருப்பது) 50 மி.மீ. லென்ஸைப் போட்டு 10 அடி தள்ளி வைத்தால், உயரவாக்கில் ஐந்தடிகூடக் கிடைக்காது. நிற்கும் ஆளை உச்சி முதல் பாதம் வரை காட்ட முடியாது. இன்னும் அகலமாகக் காட்டும் 24 மி.மீ. போட்டால் காட்டலாம், ஆனால் ஜன்னல், பாதிக் கட்டில், மூலையில் நிறுத்திய லைட் ஸ்டாண்ட் எல்லாம் கூடவே வந்து நிற்கும். ஆக, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாரா, கதவோரம் நின்று பேசுகிறாரா என்பதைக் கதை பாதி முடிவு செய்கிறது, லென்ஸ் பாதி முடிவு செய்கிறது. செட் போட வசதி இருந்தால் சுவரையே நகர்த்தலாம். 1948இல் இயக்குநர் ஹிட்ச்காக் ‘ரோப்’ படத்துக்கு அப்படித்தான் செய்தார். கேமரா போகப் போகச் சுவர்கள் விலகி வழிவிட்டன. நமக்குக் கிடைப்பது யாரோ நண்பர் கொடுத்த அறை, அசையாத சுவர்.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்களை எந்தக் காட்சியில் இருந்தாலும் ஒன்றாக எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒரே காலையில் மாறி மாறி வரும். தான் எங்கே நின்றோம், டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று நடிகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் தரையில் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டுகிறார்கள். நமக்குத் தேவைப்படும் சொல் அந்த டேப்பிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கட்சி.

> அசைவமைப்பு?

இலக்கணம் சரிதான். ஆனால் அன்றைய படப்பிடிப்புத் தாளில் ‘காலை 7 மணி: அசைவமைப்பு’ என்று போட்டால் பாதிப் பேர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். ‘நடைகட்டு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மெட்டுக் கட்டுவது போல நடையைக் கட்டுவது, அழகான யோசனை. இயக்குநர் சொல்லிப் பார்க்கட்டும், நடிகர் வீட்டுக்குப் போய்விடுவார்.

என் பரிந்துரை ‘நிலைநகர்வு’. தேர் நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த நிலைதான் இது: கிளம்பிப்போய்த் திரும்பி வந்து நிற்கக் குறித்து வைத்த இடம். தரையில் ஒட்டும் டேப் ‘நிலைக்குறி’. அறையின் வரைபடத்தில் குறிகளையும் அம்புகளையும் போட்டால் ‘நிலைநகர்வுப் படம்’. டேக் (ஒரு முறை எடுப்பது) முடிந்ததும் உதவி இயக்குநர் ‘ஃபர்ஸ்ட் பொசிஷன்’ என்று கத்துவதற்குப் பதிலாக ‘முதல் நிலை’ என்று கத்தலாம், மூச்சும் மிச்சம். ஒரு சொல்லை மட்டும் தனியாக உருவாக்கினால் அது அகராதியிலேயே தங்கிவிடுகிறது. கூடவே நாலு சொல் வந்தால்தான் தளத்தில் புழங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கதவுச் சட்டத்துக்கும் நிலை என்றுதான் பெயர். ஓரறைப் படத்தில் பாதி நாடகம் கதவருகேதான் நடக்கும். ‘நிலைக்குப் போ’ என்றால் எந்த நிலைக்கு? கதவுச் சட்டத்தை வரைபடத்தில் ‘வாசற்கால்’ என்றே எழுதிவிடுவோம். வினைச்சொல்லாக ‘நிலைநகர்த்து’ கொஞ்சம் முரடாக இருப்பதும் உண்மை, ‘நிலைநகர்வு பார்க்கலாமா?’ என்று கேட்டால் வாயில் நுழைகிறது.

> ரூம் டோன் – அறை மௌனம்?

கவித்துவம் சரி, பொருள் சரியில்லை. எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்கிறோமே, அது மௌனம் இல்லை. அந்த அறைக்கே உரிய மெல்லிய இரைச்சல். எடிட்டர் வசனத்துக்கு வசனம் வெட்டும் இடங்களில் அடியில் போட்டு ஒட்டுவது அதைத்தான். ‘அறையொலி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதிரொலிக்கும் இதற்கும் குழப்பம் வருமா?