மறு: சரிவில் எழும் காற்றுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சிறுவர்க்கான அறிவியல் இதழ் ஒன்றுக்குச் சறுக்கு வானூர்தி பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஊர்தியின் பெயரில் சிக்கல் இல்லை. சிலர் 'சறுக்கு வானூர்தி' என்கிறார்கள், சிலர் 'மிதவை வானூர்தி' என்கிறார்கள். எனக்கு முன்னதே போதும். எஞ்சின் இல்லாத அந்த ஊர்தியை மணிக்கணக்கில் மேலே வைத்திருக்கிற காற்றுக்குத்தான் பெயர் அகப்படவில்லை.

எங்கள் சங்கத்தார் கோடையில் ஒரு வாரம் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷர் வட்டாரத்தில் உள்ள லாங் மின்ட் மலைக்குப் போய்த் தங்குவோம். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மலை அது. மேற்கு முகம் விறுவிறுவென்று சரிந்து வயல்வெளியில் போய் முடிகிறது. உச்சியில் ஹெதர் புதர்கள், பெரணி, யாரையும் பொருட்படுத்தாத செம்மறி ஆடுகள். நடுவே மிட்லாண்ட் கிளைடிங் கிளப்பின் புல் ஓடுதளம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில். 1930களிலிருந்தே அங்கே பறக்கிறார்கள்.

மேற்கிலிருந்து வரும் காற்று இந்த மலையில் முட்டி, வேறு போக்கிடமில்லாமல் மேலே ஏறுகிறது. சரிவை ஒட்டி அப்படி ஏறும் பட்டைக்குள் ஊர்தியை வடக்கும் தெற்குமாக ஓட்டிக்கொண்டிருந்தால் காற்று நிற்கும்வரை இறங்க வேண்டியதில்லை. ஒரே கட்டாய விதி, திரும்பும்போதெல்லாம் மலைக்கு முதுகு காட்டித்தான் திரும்ப வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ரிட்ஜ் லிஃப்ட் என்று பெயர். வெயிலில் சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று தெர்மல். மலையைத் தாண்டிய காற்று மறுபக்கத்தில் ஏறியும் இறங்கியும் போவது வேவ். லாங் மின்டுக்கு மேற்கே வேல்ஸ் நாட்டு மலைகள் இருப்பதால், நல்ல வாரமாக வாய்த்தால் மூன்றையும் பார்த்துவிடலாம்.

என் கேள்வி 'லிஃப்ட்' பற்றியது. இயற்பியல் பாடத்தில் இறக்கைக்கு மேல்நோக்கிக் கிடைக்கும் விசையை நாம் 'தூக்குவிசை' என்கிறோம். அதையே எடுத்து 'முகட்டுத் தூக்கு', 'வெப்பத் தூக்கு' என்று எழுதிவிடலாமா?

— பர்மிங்காமிலிருந்து

*

பர்மிங்காம் நண்பருக்கு,

கூடாது. ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. அந்தத் திண்டாட்டத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? ஊர்தி இறங்கிக்கொண்டிருக்கும்போதும் இறக்கையில் தூக்குவிசை இருக்கத்தான் செய்கிறது. இல்லையென்றால் அது சறுக்காது, கல்லாக விழும். நீங்கள் சொல்லும் மற்ற 'லிஃப்ட்' விசையே அன்று. அது காற்றின் நகர்வு. ஒன்றை நியூட்டனில் அளக்க வேண்டும், மற்றதை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்க வேண்டும். அளக்கும் அலகு வேறானால் பெயரும் வேறாகத்தான் இருக்க வேண்டும். முப்பதாண்டு கரும்பலகையில் எழுதித் தேய்ந்தவன் சொல்கிறேன்.

காற்றுக்குப் பெயர் வேண்டுமானால் காற்றையே சொல்லுங்கள்: 'எழுவளி'. எழும் வளி. வினைத்தொகை. எழுந்த, எழுகின்ற, எழும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். வளிமண்டலம், வளியியல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்தான் வளி. பழமையும் உண்டு. கரிகாலனின் முன்னோனை வெண்ணிக் குயத்தியார் 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். அது கடலில் நாவாய் ஓட்டியவனுக்குச் சொன்னது. உங்கள் சங்கத்தாருக்கும் பொருந்தும்.

(புறநானூற்றைத் தொட்டுவிட்டேன். இனி யாரேனும் 'வலவன் ஏவா வானவூர்தி'யை எடுத்து வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அது ஓட்டுநர் இல்லாத ஊர்தி. இங்கே பேசுவது எஞ்சின் இல்லாத ஊர்தி. ஓட்டுநர் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்.)

எதிர்ச்சொல் 'இழிவளி'. ஏறுவதற்கு எதிர் இழிதல்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், பாளையங்கோட்டை

*

ஐயா, எழுவளிக்கு என் வாக்கு. ஆனால் இழிவளியைக் கேட்டால் என் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். 'இழி' என்றால் இறங்கு என்பது நிகண்டு படித்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு அது வசைதான். 'விழுவளி' என்று வைத்தால் எழுவளியோடு ஓசையும் ஒத்து வருமே?

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் காற்றுக்குப் பெயர் வைப்பது திசையையும் பருவத்தையும் கொண்டுதான். தென்மேற்கிலிருந்து வந்தால் சோழகம், மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை. பட்டம் விடுகிறவனுக்கும் தோணி ஓட்டுகிறவனுக்கும் அது போதுமாக இருந்தது. மேலே போகும் காற்று என்று தனியாக ஒன்றை யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. லாங் மின்டில் வேண்டியது கச்சான் என்று புரிகிறது. (இந்தச் சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் வறுத்த கடலை நினைவுக்கு வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.)

— மட்டக்களப்பு, இப்போது ரொறன்ரோ

*

ஆசிரியர் ஐயாவுக்கும் ரொறன்ரோ அம்மாவுக்கும் நன்றி.

எழுவளி உறுதி. அதற்குக் கூடுதல் சான்று ஜெர்மானியரிடம் இருக்கிறது. மலைச்சரிவுப் பறத்தலை ஒரு கலையாக வளர்த்தவர்கள் அவர்கள். 1920இல் ரோன் மலைப்பகுதியின் வாசர்குப்பே குன்றில் முதல் போட்டி நடந்தது. 1922 ஆகஸ்டில் அதே குன்றில் மார்ட்டென்ஸ் 'வாம்பயர்' என்ற ஊர்தியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று காட்டினார். சில நாளில் ஹென்ட்சன் அதை மூன்று மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோனார். முழுக்கச் சரிவில் ஏறும் காற்றை நம்பித்தான். அவர்கள் வைத்த பெயர் 'ஹாங்ஆவ்ஃப்விண்ட்'. ஹாங் என்றால் சரிவு, ஆவ்ஃப் என்றால் மேலே, விண்ட் காற்று. விசை என்ற பேச்சே இல்லை. ஆசிரியர் ஐயா சொன்னதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

எனவே நான் முதலில் எழுதிய 'முகட்டு' என்பதை எடுத்துவிடுகிறேன். அது ஆங்கிலத்தின் ரிட்ஜ். முகட்டின் மேலே காற்று எழுவது குறைவு. முகட்டைத் தாண்டினால் கீழே அமுக்கும். நல்ல எழுவளி இருப்பது சரிவுக்கு முன்னால், வயல்களைக் குனிந்து பார்க்கும் இடத்தில். 'சரிவெழுவளி' என்றால் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. 'சரிவு' என்று தொடங்கி 'எழு' என்று போவது முரணாக இருக்கிறதே என்பார்கள். தரை சரிகிற இடத்தில்தான் காற்று எழுகிறது. முரண் மலையில் இருக்கிறது, சொல்லில் இல்லை.

விழுவளியை மட்டும் ஏற்க மாட்டேன். எழுவளி, விழுவளி: தாளில் அழகு, காதில் ஆபத்து. ஒரெழுத்து வேறுபாடு. ரப்பர் வடத்தால் ஊர்தியைக் கிளப்புவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாங் மின்டில் இன்றும் உண்டு. மலை விளிம்பில் ஊர்தி மேற்கே பார்த்து நிற்கும். மூக்கில் உள்ள கொக்கியில் வடத்தின் நடுவை மாட்டி, இரு முனைகளையும் இரண்டு கூட்டமாகப் பிடித்துக்கொண்டு சரிவை நோக்கி விரித்துப் போவார்கள். வாலை ஒருவர் பிடித்திருப்பார். 'நட' என்று குரல் வரும். வடம் இறுகும். 'ஓடு' என்றதும் எல்லோரும் பள்ளத்தை நோக்கி ஓட வேண்டும். புதர் காலைத் தட்டும், முன்னால் ஓடுகிறவரின் தொப்பி பறக்கும். வாலை விட்டதும் தலைக்கு மேலே ஒரு நிழல், கொக்கியிலிருந்து வடம் கழன்று புல்லில் விழும் ஓசை, அவ்வளவுதான், ஊர்தி எழுவளிக்குள் போயிருக்கும். அந்தக் காற்றில் ஓரசை ஈரசைச் சொற்கள்தான் பிழைக்கின்றன, அதுவும் முதல் எழுத்து தேய்ந்து. அங்கே 'எழு'வும் 'விழு'வும் ஒன்றுதான்.

'தாழ்வளி' என்று வைத்துக்கொள்வோம். தாழ்வு என்பதிலும் மனக்குறை கேட்கிறது என்பீர்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தை நாள்தோறும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

— பர்மிங்காமிலிருந்து

*

வணக்கம்.

வானிலைச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் தொழில். இரண்டு மறுப்புகள்.

ஒன்று, வானொலித் தொடர்பில் யாரும் தமிழ் பேசப்போவதில்லை. அங்கே ஆங்கிலம்தான். காது, ஓசை என்று கவலைப்படுவது வீண்.

இரண்டு, தெர்மலுக்கு நீங்கள் 'வெப்பெழுவளி' என்று போகப்போகிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம். 'வெப்பச்சலனம் காரணமாக மாலையில் மழை' என்று தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டுப் பழகிவிட்டார்கள். மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவது கலைச்சொல் ஆர்வலர்களின் பழைய நோய். அப்படியே பாடநூலில் உள்ள 'காற்று மோதும் பக்கம்' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவெழுவளிக்கு 'மோதுவளி' என்று சுருக்கமாக வைக்கலாம்.

— சென்னை

*

சென்னை நண்பருக்கு,

வெப்பச்சலனம் முழு நிகழ்வின் பெயர். தரை சூடாவது, காற்று கிளம்புவது, மேலே குளிர்ந்து முகிலாவது, பக்கத்துக் காற்று இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். எங்களுக்குப் பெயர் வேண்டியது அதில் ஒரு துண்டுக்கு: இந்த வயலின் மேலே, இப்போது, இருநூறு முந்நூறு மீட்டர் அகலத்தில் எழுந்துகொண்டிருக்கும் ஒரு தூணுக்கு. அதற்குள் நுழைந்து பருந்து மாதிரி வட்டமிடுகிறோம். 'இரண்டு வெப்பெழுவளி பிடித்து முகிலடி வரை போனேன்' என்று எழுதலாம். 'இரண்டு வெப்பச்சலனம் பிடித்தேன்' என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு எண்ணக்கூடிய சொல் வேண்டும். உங்கள் சொல்லைத் தூக்கியெறியவில்லை. வெப்பச்சலனம் நிகழ்வு, வெப்பெழுவளி அதில் நாம் ஏறிக்கொள்ளும் தூண்.

மோதுவளி குறுகிய சொல்தான். ஆனால் மலையை ஒட்டிப் பறக்கும்போது முன்னிருக்கையிலிருந்து 'மோது' என்று ஒரு குரல் வந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. வானொலியில் ஆங்கிலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஎஸ்கே 21 போன்ற ஊர்தியில் முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்கிறோம். முன்னால் என் அக்கா மகன் இருந்தால் நாங்கள் பேசுவது தமிழ்தான்.

அந்த ஊர்தியையே கட்டுரையில் கணக்காகக் கொடுக்கப்போகிறேன். அசையாத காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர் சறுக்கிப் போகும். மெதுவாகப் பறந்தால் நொடிக்கு முக்கால் மீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். சுற்றியுள்ள காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டர் எழுந்தால் ஊர்தி காற்றுக்குள்ளே இறங்கிக்கொண்டே தரையிலிருந்து ஏறுகிறது. இந்த ஒரு வாக்கியம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே வரும். 'தூக்கு' என்று எழுதியிருந்தால் இது பிடிபடாது.

மூன்றாவதற்கு 'அலையெழுவளி'. 1933இல் வுல்ஃப் ஹிர்ட் ரீசன்கெபிர்கே மலைகளுக்குப் பின்னால் இதில் ஏறிய பிறகுதான் பறப்பவர்கள் இதைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். காற்று விரைந்து போய்க்கொண்டிருக்கும், ஆனால் அலையின் தலையில் உள்ள முகில் நகராமல் வில்லை வடிவில் ஒரே இடத்தில் நிற்கும். உள்ளே அவ்வளவு வழுவழுப்பு. உயரமானி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 2018 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயிலிருந்து போன பெர்லான் 2 ஊர்தி ஆண்டிஸ் மலை கிளப்பிய அலையில் 22 கிலோமீட்டருக்கு மேல் ஏறியது. எஞ்சின் இல்லாமல். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அலைக்கு அடியில் காற்று உருண்டு புரண்டு ஊர்தியைக் குலுக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்கு 'உருள்வளி' என்று எழுதியிருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

பாக்கி இருப்பது வினைச்சொல். சறுக்குதல் என்றால் உயரம் இழந்துகொண்டே போவது. எழுவளியில் உயரம் சேர்த்துப் பறப்பதற்கு வேறு வினை வேண்டும். மலையேறுதல், மரமேறுதல் போல 'வளியேறுதல்' என்று நினைத்தேன்.

— பர்மிங்காமிலிருந்து

*

வளியேறுதலா? ஒரு கொம்பு சேர்ந்தால் வெளியேறுதல். பின்னிருக்கையிலிருந்து 'வளியேறு' என்று நீங்கள் சொல்ல, அக்கா மகன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு குதிக்கப்போகிறான். எழு–விழுவுக்கு அவ்வளவு பேசியவர் இதைக் கவனிக்க வேண்டாமா, தம்பி?

'காற்றேற்றம்' என்று யாரும் தொடங்குமுன் சொல்கிறேன், அது சைக்கிள் கடையில் செய்வது.

— ரொறன்ரோ

*

வினைக்கு அவசரம் வேண்டாம். 'எழுவளியில் ஏறினோம்' என்று சாதாரணமாக எழுதுங்கள். தனிச்சொல் தேவையாக இருந்தால் பறக்கிறவர்கள் வாயிலிருந்து தானே வரும். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

தாழ்வளியை ஒப்புக்கொள்கிறேன், இழிவளியின் மேல் உள்ள ஆசையோடே. உருள்வளி நன்று. ஆனால் 'சரிவெழுவளி' என்று எடுத்த எடுப்பில் அச்சடித்தால் பத்து வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தையே புரட்டிவிடும். முதல் முறை 'சரிவில் எழும் வளி' என்று பிரித்துப் போட்டு, ஒரு படமும் போட்டு, அடுத்த பத்தியில் சேர்த்து எழுதுங்கள். படத்தில் காற்று அம்பை மலைக்கு முன்னால் வரையச் சொல்லுங்கள். ஓவியர்கள் அதை முகட்டுக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

சென்னை நண்பர் இன்னும் மோதுவளியை விடவில்லை என்று தனிமடலில் எழுதியிருக்கிறார். விடமாட்டார்.

— பாளையங்கோட்டை