அஞ்சு டாக்டர் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு டாக்டர் வேண்டாமா?

கடையத்து அம்மா: என் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. போன ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தோம். காலையில் நரம்பு டாக்டர், மத்தியானம் நெஞ்சு டாக்டர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்த மாதிரியே தெரியவில்லை. ராத்திரி டியூட்டிக்கு யார் வந்தாலும், "பிறந்ததும் அழுதுச்சா?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நம்ம தென்காசி பக்கம் ஒரு தனிப் பிரிவு, ஒரு பொறுப்பு டாக்டர் வேண்டும் என்கிறேன். தப்பா?

வெள்ளைக்கோட்டு: தப்பில்லை அக்கா. ஆனால் நிலைக்காது. தென்காசி 2019-ல் தனி மாவட்டமானாலும் பெரிய கேஸ் என்றால் இன்றைக்கும் திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் வருகிறது. முதுநிலை மாணவர் மூன்று வருஷத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார். பெரிய டாக்டருக்கு மாறுதல் வரும். ஆளை நம்பாதீர்கள், நோட்டை நம்புங்கள். நோய், மருந்து, அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்தை எடைக்குத்தான் கணக்குப் போடுவோம், அதனால் எடை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பேட்டை அண்ணாச்சி: எதுக்கு இந்தப் பாடு? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவுக்குக் கொண்டு போங்க.

கடையத்து அம்மா: போனோம் அண்ணாச்சி. அங்கே இதயமும் நரம்பும்தான் பார்ப்பார்கள். சளிக்கும் சாப்பாட்டுக் குழாய்க்கும் எங்கே போக? சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க, சளி உறிஞ்சும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அதன் பேட்டரி எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்!

வார்டு அக்கா: கோட்டு சார், நோட்டு நல்லதுதான். ஆனால் வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து சாப்பிடும் பிள்ளைக்குச் சளிக்காக மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், ரத்தத்தில் வால்ப்ரோயேட் சட்டென்று இறங்கிவிடும். அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்ப வரும். அளவைக் கூட்டிக் கொடுத்தும் சரிக்கட்ட முடியாது. ஊசி எழுதுகிறவர் ஒருவர், வலிப்பு மருந்து எழுதுகிறவர் இன்னொருவர். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள்தானே வேண்டும்?

வெள்ளைக்கோட்டு: மருந்து விஷயம் சரிதான் சிஸ்டர். அதையும் நோட்டில் சிவப்பு மையில் எழுதலாமே! நோட்டுக்கு மாறுதல் வராது.

வார்டு அக்கா: எழுதலாம் சார். டாக்டர் கை முதலில் கேஸ் ஷீட்டுக்குத்தான் போகும். அந்த நோட்டை நீட்ட அம்மா ராத்திரி பகலாக முழிச்சிருக்கணுமா?

கடையத்து அம்மா: அதேதான் நடந்தது. ரெண்டாம் நாள் சாயங்காலம் மாமியாரை உட்கார வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அதற்குள் பிள்ளை குழாயைப் பிடுங்கிவிட்டது. புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள். மூக்கு நுனியில் எந்த சென்டிமீட்டர் குறி நிற்க வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. நோட்டு பையில், பை என் தோளில். நான் திரும்பும்போது பால் ஊற்ற சிரிஞ்சை மாட்டிவிட்டார்கள், பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் குறி மூக்கை விட்டு ரொம்ப வெளியே நின்றது, குழாய் போதுமான அளவு உள்ளே போகவில்லை.

வெள்ளைக்கோட்டு: குழாய் அளவை எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கலாமே அக்கா?

கடையத்து அம்மா: அன்றைக்கு ராத்திரியே ஒட்டினேன் சார். மறுநாள் வேறு கட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள்.