மறுமொழி: ‘தீம் சாங்’ – ஒரே சொல் போதுமா?

அன்பு நண்பர்களே,

‘தீம் சாங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> தீம் சாங் = கருப்பாடல். சுருக்கமாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ‘கருப்பாடல்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘கருப்பு ஆடல்’ என்றுதான் காதில் விழும். ‘கருப்பொருள் பாடல்’ என்று நீட்டினாலும் இடிக்கிறது. சங்கப் பாடல்களின் அகத்திணையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பறையும் பண்ணும்கூட அங்கே கருப்பொருள்கள்தான்.

அதைவிட, இரண்டு வேறு பொருள்களை நாம் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோம். உளவுப் படங்களைப் பாருங்கள். 1962இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’வில் மான்டி நார்மனின் மெட்டை ஜான் பேரி இசைக்கோப்பு செய்ய, விக் ஃபிளிக் கிட்டாரில் வாசித்தார். ஜேம்ஸ் பாண்டாக எத்தனை பேர் மாறி நடித்தாலும் அந்த மெட்டு விடாமல் திரும்பி வருகிறது. பாட்டு அப்படியில்லை, படத்துக்குப் படம் புதிது.

எனக்கு மிகப் பிடித்தது ‘மிஷன் இம்பாசிபிள்’. 1966இல் தொலைக்காட்சித் தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் போட்டது. மேசையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. அந்தப் பத்து எண்ணிக்கைதான், கால் தரையில் நிற்காது. வரியே இல்லாத இதைப் போய்ப் பாடல் என்று எப்படிச் சொல்வது?

அதனால் என் பரிந்துரை: திரும்பத் திரும்ப வரும் மெட்டு ‘முத்திரை இசை’, படத்தில் எழுத்துப் போடும்போது வரும் பாட்டு ‘முகப்புப் பாடல்’.

‘தலைப்புப் பாடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் 1977இல் ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ என்ற பாண்ட் படத்துக்குக் கார்லி சைமன் பாடிய பாட்டின் பெயர் ‘நோபடி டஸ் இட் பெட்டர்’. படத்தின் பெயர் உள்ளே ஒரு வரியில் வந்து போகிறது, அவ்வளவுதான்.

முகப்பு என்றால் உள்ளே நுழையும் இடம். ‘கோல்டுஃபிங்கர்’ (1964) அதைத்தான் செய்கிறது. பொன் பூசிய உடல்மீது படக்காட்சிகள் ஓட, ஷெர்லி பாஸி வில்லனைப் பற்றி எச்சரித்துப் பாடி, கடைசிச் சொல்லை மூச்சு உள்ளவரை இழுத்துப் பிடிக்கிறார். வில்லன் யார் என்பது அங்கேயே நமக்குப் பிடிபட்டுவிடும்.

எனக்குப் பிடிக்காதது மடோனாவின் ‘டை அனதர் டே’ (2002). எழுத்துப் போடும்போதே பாண்ட் வட கொரியச் சிறையில் வதைபடுகிறார். பாட்டோ குரலைத் துண்டு துண்டாக நறுக்கி நடனத் தாளத்தில் போகிறது. அந்த வலி பாட்டில் ஒட்டவே இல்லை. பிடிக்காவிட்டாலும் அதுவும் முகப்புப் பாடல்தான், பெயர் பொருந்துகிறது.

அப்புறம், இன்னும் ஒன்று பாக்கி. ‘கோல்டுஃபிங்கர்’ பாட்டின் மெட்டையே ஜான் பேரி அந்தப் படத்தின் பின்னணி இசையில் பல இடங்களில் எடுத்தாள்கிறார். அந்த ஒரு படத்தோடு நின்றுவிடுவதால் இதை முத்திரை இசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. ‘மீள்மெட்டு’ என்றால் சரியாக இருக்குமா? இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.