ஓடும்போது நின்ற காருக்கு 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எழுதலாமா?

தல்லாகுளத்தான்:
போன மாதம் ஒரு ஞாயிறு இரவு. எங்கள் மின்சாரக் காரில், செட்டிகுளம் பக்கம் நத்தம் பறக்கும் பாலத்தில் ஏறி மதுரைக்குள் வந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும். திடீரென்று திரை ஒரு முறை சிமிட்டியது, சிவப்பு எழுத்து வந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பேட்டரி 61 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. வலது லேனிலிருந்து இடதுபக்கச் சுவருக்கு எப்படிக் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தபடியே உரசாமல் ஒதுங்கிப் போனது. அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர். அதன் மேல் அம்மாவை இறக்கி எங்கே நிற்கவைப்பது?

ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீசுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் கார் வந்தது. ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டில், இரண்டே வரி. 'வாடிக்கையாளர் புகார்: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செய்த வேலை: 12 வோல்ட் பேட்டரி மாற்றப்பட்டது.' ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது என்று மூன்று முறை சொன்னேன். எழுத மறுத்துவிட்டார்கள். இதை அரசு விசாரிக்க வேண்டும் என்கிறேன். கம்பெனி பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி டாக்சி:
அம்மாவும் பாப்பாவும் நல்லபடியாக வீடு வந்தார்கள், அதுவே போதும் சார். ஆனால் விசாரணை என்றெல்லாம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல வருடமாக மின்சார டாக்சி ஓட்டுகிறேன். கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒரு நாள்கூட நடுவழியில் விட்டதில்லை. பேட்டரி போனது, மாற்றினார்கள், முடிந்தது. ஒருவருக்கு நடந்ததை வைத்து அரசு விசாரணை என்று பேச்சு கிளம்பினால், 'இந்த வண்டி வேண்டாம், டீசல் அனுப்புங்கள்' என்று சவாரிக்காரர்கள் சொல்வார்கள். கடன் வாங்கி வண்டி எடுத்தவன் நான். அந்தப் பயம் உங்களுக்கு இல்லை.

பைபாஸ் பாண்டி:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அவசரப்பட்டு யாரும் மின்சாரக் கார் வாங்காதீர்கள். பெட்ரோல் வண்டி நிற்பதற்கு முன்னால் இருமும், இழுக்கும், நமக்கு ஓரம்கட்ட நேரம் கொடுக்கும்.

ஒத்தக்கடை ஒர்க்‌ஷாப்:
பாண்டி அண்ணே, பெட்ரோல் வண்டியும் சொல்லாமல் நிற்கும். பியூயல் பம்ப் உள்ளே இம்பெல்லர் கோளாறு என்று ஹோண்டா கார்ஸ் இந்தியா 2024 அக்டோபரில் 90,468 கார்களுக்கு ரீகால் அறிவித்தது, அதாவது சரிசெய்யத் திரும்ப அழைத்தது. அதுவும் ஓட்டத்தில் இன்ஜின் அணையக்கூடிய கோளாறுதான். அதற்காக யாரும் பெட்ரோலை விட்டுவிடவில்லை.

இப்போது தல்லாகுளம் சார் விஷயம். பெரிய பேட்டரியில் 61 சதவீதம் இருக்கும்போது எப்படி நிற்கும் என்று பலரும் கேட்பார்கள். மின்சாரக் காரில் இரண்டு பேட்டரி. கீழே இருக்கும் பெரியது 400 வோல்ட், சில வண்டிகளில் 800 வோல்ட். சாதாரணக் காரில் இருப்பதுபோல ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. கம்ப்யூட்டர், திரை, பவர் ஸ்டியரிங், கதவுப் பூட்டு எல்லாம் இந்தச் சின்னதை நம்பித்தான். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கனமான சுவிட்சுகளைப் பிடித்து வைத்திருப்பதும் இதே 12 வோல்ட்தான். அது இறங்கினால் சுவிட்சு விட்டுவிடும், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் மோட்டாருக்கு எதுவும் போகாது. பிரேக் பெடலை அழுத்தினால் பிடிக்கும், ஆனால் காலில் வலு வேண்டும்.

சின்னதைச் சார்ஜ் செய்வது டைனமோ இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர். அது செத்திருந்தால் நீங்கள் புதுசாகப் போட்ட பேட்டரியும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதனால் ஒன்று கேட்கிறேன்: பேட்டரி மாற்றிய பிறகு வண்டியை ஆன் செய்து வைத்து முனையில் வோல்டேஜ் அளந்தார்களா? பொதுவாக 13.5க்கு மேல் வரவேண்டும். 12.6க்குக் கீழே இருந்துகொண்டு இறங்கிக்கொண்டே போனால் காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

தல்லாகுளத்தான்:
அளந்ததாக ஜாப் கார்டில் எதுவும் இல்லை தம்பி.

திருநகர் டீச்சர்:
டாக்சித் தம்பி 'ஒருவருக்கு நடந்தது' என்றார். வெளிநாட்டில் விசாரணைகள் எவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தொடங்கின என்று பார்க்கலாம். தல்லாகுளம் சாரின் காருக்கும் நான் சொல்லப்போகும் கம்பெனிகளுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் 2022 மாடல் ஹூண்டாய் அயோனிக் 5 ஓட்டத்தில் சக்தி இழக்கிறது என்று 30 புகார்கள் வந்தன. அவ்வளவுதான். அதை வைத்தே அங்குள்ள சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 ஜூனில் முதல்நிலை விசாரணை தொடங்கியது. ஒர்க்‌ஷாப் தம்பி சொன்ன அதே இடத்தில்தான் கோளாறு இருந்தது. 12 வோல்ட்டைச் சார்ஜ் செய்யும் வேலையையும் உள்ளடக்கிய ஐசிசியு என்ற யூனிட்டில் டிரான்சிஸ்டர்கள் சேதமாகி, சின்ன பேட்டரி சார்ஜ் ஆகாமல் போனது. 2024 மார்ச்சில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 98,878 திரும்ப அழைக்கப்பட்டன. அந்தத் திருத்தம் போதவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் 1,45,235 கார்கள், முதல் ரீகாலில் சரிசெய்தவையும் சேர்த்து. நம் நாட்டிலும் 2024 ஜூனில் 1,744 அயோனிக் 5 கார்களை ஹூண்டாய் அழைத்தது. அடுத்த மாதம் கியா 1,138 இவி6 கார்களை.

2025 செப்டம்பரில் டெஸ்லா மாடல் ஒய் மீது ஒரு விசாரணை. மின்சாரக் கதவுக் கைப்பிடி திடீரென்று வேலை செய்யவில்லை, அதற்கு வோல்டேஜ் போதவில்லை என்பது சந்தேகம். சிலர் உள்ளே இருந்த குழந்தையை எடுக்கக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். விசாரணை தொடங்கும்போது இருந்த புகார்கள் 9. அதன் கீழ் வரும் கார்கள் ஏறத்தாழ 1,74,000. ஒன்பது பேர் எழுதியதால் நடந்தது இது.

மாட்டுத்தாவணி டாக்சி:
மேடம், அது அமெரிக்கா. இங்கே விசாரணை என்றால் செய்தியில் மட்டும்தான் வரும். முடிவு வராது, பயம் மட்டும் தங்கும். 2022 இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தபோது பார்த்தேன். ஆறு மாதம் என் காரில் ஏறவே யோசித்தவர்கள் இருந்தார்கள்.

திருநகர் டீச்சர்:
முடிவு வந்தது தம்பி. அந்தத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தன. காரைத் திரும்ப அழைக்கவும் இங்கே சட்டம் இருக்கிறது. 2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. 7 ஆண்டுக்குள்ளான வண்டிகளுக்கு அது பொருந்தும், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. எத்தனை விற்றது, அதில் எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் அது நகரும். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் ரீகால் புகாருக்கென்றே ஒரு பகுதி உண்டு. நம் ஆட்கள் அங்கே எழுதுவதே இல்லை. இங்கே எழுதுகிறோம், டீக்கடையில் பேசுகிறோம், மறந்துவிடுகிறோம்.

தல்லாகுளத்தான்:
டாக்சித் தம்பி, உங்கள் கடனும் உங்கள் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. நான் இந்தக் காரை விற்கவும் போவதில்லை, அடுத்த காரும் மின்சாரமாகத்தான் இருக்கும். எனக்கு ஆறாதது அந்த ஜாப் கார்டு வரிதான். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்றால் வீட்டு வாசலில் நடந்தது என்று பொருள். ஒரு பேட்டரி, ஒரு பில், முடிந்தது. 'ஓடும்போது சக்தி இழந்தது' என்றால் பாதுகாப்புக் குறைபாடு. மதுரையில் எனக்கு, தேனியில் ஒருவருக்கு, விருதுநகரில் ஒருவருக்கு நடந்து, மூன்று இடத்திலும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எழுதினால், விசாரிக்க வருகிறவர் கையில் மூன்று பழைய பேட்டரிகள்தான் இருக்கும். உங்கள் வண்டியில் இது நடந்து, பின்னால் சவாரி இருந்தால்?

பைபாஸ் பாண்டி:
இது நியாயமான கேள்வி. நான் பெட்ரோல் கட்சிதான், ஆனால் எழுதியது பொய் என்றால் பொய்தான்.

மாட்டுத்தாவணி டாக்சி:
சரி சார், ஜாப் கார்டை மாற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள், அதில் நான் உங்கள் பக்கம். நடந்தது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் எனக்கும் ஆபத்துதான். ஆனால் புகாரில் 'இந்த வகை வண்டியே ஆபத்து' என்று எழுத வேண்டாம். நடந்த தேதி, இடம், வேகம், அவ்வளவு போதும். அரசு விசாரணை என்ற பேச்சுக்கு நான் வரமாட்டேன், இன்றும் அது தவறு என்றே நினைக்கிறேன்.

ஒத்தக்கடை ஒர்க்‌ஷாப்:
போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள் சார். கோளாறுப் பதிவுகளின் அச்சுப் பிரதியைக் கேளுங்கள். வேகம் எவ்வளவு இருந்தபோது வந்தது என்று பல வண்டிகளில் பதிவாகியிருக்கும், அழித்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். கழற்றிய பழைய பேட்டரி இருந்தால் அதன் தயாரிப்புத் தேதியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி தானாகச் சாவது அபூர்வம். ரெக்கவரி வண்டிக்காரர் கொடுத்த சீட்டில் 'நத்தம் மேம்பாலம்' என்று இருக்கும் பாருங்கள், வண்டி வீட்டு வாசலில் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தல்லாகுளத்தான்:
சீட்டைத் தேடி எடுத்துவிட்டேன். 'எடுத்த இடம்: நத்தம் பாலம், இரவு 9.40' என்று இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சர்வீஸ் சென்டருக்குப் போகிறேன். எழுதித் தரவில்லை என்றால் அங்கிருந்தே வாகன் தளத்தில் பதிவு, அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண். ஒர்க்‌ஷாப் தம்பி, மல்டிமீட்டரோடு வர முடியுமா?

ஒத்தக்கடை ஒர்க்‌ஷாப்:
வருகிறேன் சார். ஒன்பதரைக்கே மாட்டுத்தாவணியில் நிற்கிறேன், வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே விடுவதற்கு முன்னால் நாமே ஒரு தடவை அளந்துவிடலாம்.

மாட்டுத்தாவணி டாக்சி:
ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். எனக்குச் சவாரி இல்லை என்றால் நானும் வருகிறேன். என் வண்டியையும் ஒரு தடவை அளந்து பாருங்கள் அண்ணே.