சிரட்டைக் கரி மின்முனை: அயனித் திரவத்தில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

நாகர்கோவிலில் ஆய்வு மாணவன் நான், மீமின்தேக்கிக்கு (சூப்பர்கெப்பாசிட்டர்) மின்முனை செய்கிறேன். சிரட்டைக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் 1:3 எடை விகிதத்தில் கலந்து, நைட்ரஜனில் 800 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டேன். 6 மோலார் காரக் கரைசலில் கிராமுக்கு 210 ஃபாரட் மின்தேக்குத்திறன் கிடைத்தது. இஎம்ஐஎம்-பிஎஃப்4 என்ற அயனித் திரவத்தில் (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு), 3 வோல்ட் வரை ஓட்டினால், வெறும் 55. சிவி வளைவும் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் வரைபடம்) செவ்வகமாக வராமல் வாழையிலை மாதிரி சாய்கிறது. இரண்டு மாதமாக இதே கதை.

மின்முனை, திரவம் இரண்டையும் வெற்றிடத்தில் உலர்த்தியாயிற்று. வெற்றிடத்தில் ஊறவைத்தும் பார்த்தேன், பலனில்லை. செல்லை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மட்டும் 105 வரை ஏறுகிறது, ஆறியதும் பழையபடிதான். பிசுபிசுப்பு குறைவதால் இருக்கலாம். ஆனால் இஎம்ஐஎம் அயனியின் நீளமே சுமார் 0.76 நானோமீட்டர், அதனால் கரியின் நுண்துளை அதற்குக் குறுகலோ என்பதுதான் என் சந்தேகம்.

துளையை அகலமாக்கக் கார விகிதத்தை 1:4 ஆக்குவதா, கரியமில வாயுவில் மறுபடி சுடுவதா, செய்து பார்த்தவர்களுக்கு எது கைகொடுத்தது?